தெருக்கூத்தைத் தேடினால் ஏன் கிடைப்பதில்லை? டர்பன் கலை மாணவர்களுக்கு நூலகமும் படக் காப்பகமும்

டர்பனில் நுண்கலை படிக்கும் தமிழ் மாணவி ஒருவர், நேட்டாலில் ஆடப்பட்ட தெருக்கூத்தின் ஒப்பனையைத் தன் ஆண்டுத் திட்டத்துக்கு எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நூலகக் கணினியில் அந்தச் சொல்லைத் தமிழ் எழுத்தில் தட்டினால் பெரும்பாலும் ஒன்றும் வராது. ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழகத்துக் கூத்தைப் பற்றிய ஓரிரு ஆய்வு நூல்கள் வரும். நேட்டால் கூத்து வராது. இங்கே அந்தக் கூத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயர் "சிக்ஸ் ஃபுட் டான்ஸ்". குறிப்பெடுத்தவர் காதில் விழுந்த பெயரை எழுதினார், அட்டவணையும் அந்தப் பெயரிலேயே நிற்கிறது. பொருள் அலமாரியில் இருக்கிறது. அதைக் கூப்பிடும் பெயர்தான் மாணவியிடம் இல்லை.

தென்னாப்பிரிக்கத் தமிழ்க் கலைமரபைத் தேடுகிற எவருக்கும் முதல் தடை இதுதான். கல்லூரி வாங்கித் தரும் தரவுத்தளங்கள், இலவசப் படக் களஞ்சியங்கள், காப்பகங்கள் என்று வளத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றை அடுக்கியவர்கள் தமிழ் அறியாதவர்கள், அல்லது அறிஞர்களுக்கான எழுத்துமுறையைப் பின்பற்றியவர்கள். இரு சாராரின் வழக்கத்தையும் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

எழுத்துக்கூட்டல்

உள்ளூர்ப் பதிவுகளுக்கு உள்ளூர் எழுத்துக்கூட்டல் வேண்டும். காவடியை டர்பன்காரர்கள் கடைசியில் 'ஒய்' போட்டு எழுதுகிறார்கள். மற்ற நாட்டு நூல்கள் 'ஐ' போடுகின்றன. சுப்பிரமணியர் கோயில் பெயர்களில் 'எஸ்' எழுத்துக்கு அடுத்து இரண்டு 'ஓ' வரும். நாயுடு என்ற பெயரும் இரண்டு 'ஓ'வில்தான் முடியும். முதலி "மூட்லி" ஆகிவிட்டது, கவுண்டர் "கவெண்டர்" ஆகிவிட்டது. ஆடி மாதத்து மாரியம்மன் கூழ், "பாரிட்ஜ் பிரேயர்" என்ற பெயரில் பதிவாகியிருக்கும். ஒரு சொல்லுக்கு மூன்று நான்கு வடிவங்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். தேடுபெட்டியில் சொல்லின் முன்பாதியை மட்டும் எழுதி நட்சத்திரக் குறி போட்டால் பல அட்டவணைகள் மீதி வடிவங்களைத் தாமே கொண்டுவரும்.

தமிழில் அச்சான நூல்களின் பதிவு வேறு கணக்கு. பெரிய நூலகங்கள் தமிழ்த் தலைப்பை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் ஒலிபெயர்ப்பு முறையில் எழுதுகின்றன. அதில் சகரம் எப்போதும் 'சி' என்ற ஆங்கில எழுத்து, 'எஸ்' அல்ல. ழகரம் கீழ்க்கோடிட்ட 'எல்'. ஆகவே "சிற்பம்" என்பதை சி-ஐ-ஆர்-பி-ஏ-எம் என்றும், "சோழர்" என்பதை சி-ஓ-எல்-ஏ-ஆர் என்றும் தட்ட வேண்டும். புள்ளியும் கோடும் இல்லாமல் தட்டினாலும் பெரும்பாலான அட்டவணைகள் ஏற்றுக்கொள்ளும். நாம் பேச்சில் உச்சரிக்கிறபடி 'எஸ்' போட்டுத் தேடியதால் "நூலகத்தில் தமிழ்ப் புத்தகமே இல்லை" என்ற முடிவுக்கு வந்தவர்கள் கணிசமாக இருப்பார்கள்.

பொருள் தலைப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய பதிவுகளில் புலம்பெயர்ந்த இந்தியர்கள் "ஈஸ்ட் இண்டியன்ஸ்" என்ற தலைப்பின் கீழ் வருவார்கள். அதோடு நாட்டின் பெயரைச் சேர்த்தால் நல்ல பட்டியல் கிடைக்கும். ஊர்ப் பெயர்களும் மாறிவிட்டன. கிரே தெரு இப்போது டாக்டர் யூசுஃப் டாடூ தெரு. 1994-க்கு முந்தைய பதிவுகளில் மாகாணத்தின் பெயர் வெறும் "நேட்டால்". பழைய பெயர், புதிய பெயர் இரண்டிலும் தேடாவிட்டால் பாதிப் படங்கள் கண்ணில் படாது.

அலமாரியில் எங்கே நிற்பது

டியூயி எண் முறையில் அடுக்கிய நூலகத்தில் கலை என்றால் 700. முதலாண்டு மாணவர்கள் அந்த வரிசையோடு நின்றுவிடுகிறார்கள். கோயில் கோபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டட அமைப்பு 726-இல் இருக்கும், சிற்பம் 730-களில், இந்தியாவின் பழஞ்சிற்பம் 732.44-இல். யார் அந்தத் தெய்வம், கையில் ஏன் அந்த ஆயுதம் என்பது 704.9-இல் உருவவியலாகவும் 294.5-இல் சமயமாகவும் பிரிந்து கிடக்கும். சேலை என்றால் நெசவுக் கலை 746, உடை வழக்கம் 391, சாயத்தின் வேதியியல் 667. மண்பாண்டத்தின் அழகு 738, சூளையும் மெருகுக் கலவையும் 666. நிழற்படம் எடுக்கும் முறை 770-களில், எடுத்த படங்களின் தொகுப்பு 779-இல். ஒரு பொருளுக்கு மூன்று அலமாரிகள் என்று கணக்கு வைத்துக்கொண்டால் தவறாது.

பெரிய அளவுப் படநூல்கள் அந்த எண்ணுக்குரிய இடத்தில் நிற்காது. தனி வரிசையில் படுக்க வைத்திருப்பார்கள். எண்ணுக்கு முன்னால் ஒரு தனி எழுத்து இருந்தால் அதுதான் அடையாளம். கண்காட்சிச் சிற்றேடுகள் பல இடங்களில் கோப்புப் பெட்டிக்குள் போடப்பட்டு, அட்டவணையில் தனித்தனியே ஏறாமலே இருக்கும். நூலகரிடம் வாய்விட்டுக் கேட்பது ஒன்றே வழி. "தமிழ்ப் படம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் அவரும் கையைப் பிசைவார். "1960-க்கு முந்தைய கோயில் திருவிழா, நிழற்படமாகவோ கோட்டோவியமாகவோ" என்று காலம், ஊடகம் இரண்டையும் சொன்னால் எந்தப் பெட்டியை எடுப்பது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

நம் அலமாரியில் ஒரு பெரிய இடைவெளி உண்டு. அதன் காரணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். இனப்பாகுபாட்டை எதிர்த்து இந்தியா 1946-இல் தென்னாப்பிரிக்காவுடன் வணிகத்தை நிறுத்தியது. தூதரக உறவு திரும்ப மலர்ந்தது 1993-இல்தான். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்நாட்டுப் புத்தகமும் அச்சுப் படமும் நேர்வழியில் வந்து சேரும் பாதை அடைபட்டிருந்தது. அந்தக் காலத்துத் தமிழகக் கலை நூல் இங்கே இல்லையென்றால் மூலத்தைச் சென்னையிலும் புதுச்சேரியிலும் தேட வேண்டும். இன்று அதை வீட்டில் இருந்தே செய்யலாம்.

எந்தக் கதவைத் தட்டுவது

ஒப்பந்தக் கூலிகளாக 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு வந்தவர்கள் 1,52,184 பேர். பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள். அவர்களைப் பற்றிய கப்பல் பதிவேடுகளில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், சாதி, உடலில் உள்ள அடையாளம் எல்லாம் எழுத்தில் இருக்கின்றன. முகம் தேடிப் போகிறவர்களுக்கு அங்கே ஏமாற்றம்தான். வந்தவர்களை நிறுத்தி வைத்து எடுத்த முகப் படங்களின் பெருந்தொகுப்பு மொரிஷியஸில், மோக்கா ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் இருக்கிறது. இணையத்தில் அந்த மொரிஷியஸ் முகங்களுக்கு "நேட்டால் கரும்புத் தோட்டத் தமிழர்" என்று யாராவது பெயரிட்டிருந்தால் நம்பி எடுத்துவிடக் கூடாது. ஒரு தீவின் பாட்டியை இன்னொரு நாட்டின் பாட்டியாக்குவது அந்த மனுஷிக்கே செய்யும் அநியாயம்.

டர்பனிலேயே பார்க்க வேண்டியவை சில. குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுத்துலி ஆவண மையம் இருக்கிறது. இந்திய வம்சாவளியினரின் படம், செய்தித் துணுக்கு, வாய்மொழி வரலாறு ஆகியவற்றுக்கு முதலில் போக வேண்டிய இடம். பெரியா மேட்டில் கில்லி கேம்பல் நூலகம். டெர்பி தெருவில் 1860 பாரம்பரிய மையம். நகர மண்டபக் கட்டடத்துக்குள்ளேயே டர்பன் கலைக்கூடம். காப்பக அறைக்குப் போகும்போது பேனாவை வெளியே வைத்துவிட்டு 2பி பென்சில் கொண்டுபோக வேண்டும். என்ன பெட்டி வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டால்தான் போன அன்றே கையில் கிடைக்கும்.

பலர் மறந்துவிடுகிற இடம் பீட்டர்மாரிட்ஸ்பர்க். 1997-ஆம் ஆண்டின் 54-ஆம் எண் சட்டப்படி, நாட்டில் வெளியாகும் நூல்களின் பிரதி சில நூலகங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். அவற்றில் ஒன்று அங்குள்ள உம்சுண்டுசி நகராட்சி நூலகம். டர்பனிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். கோயில் ஆண்டு மலர், சங்கப் பொன்விழா மலர் போன்றவற்றையும் அங்கே கேட்டுப் பார்க்கலாம். கும்பாபிஷேக மலரில் வரும் ஒரு மங்கலான படம்தான் சில கோயில்களின் பழைய முகத்துக்கு ஒரே சாட்சி.

டர்பன் தெருக்களையும் மக்களையும் பார்க்க வேண்டுமானால் இரண்டு நிழற்படக் கலைஞர்களைத் தவிர்க்க முடியாது. இசிபிங்கோவில் பிறந்த ரஞ்சித் காலி 'டிரம்' இதழுக்குப் படம் எடுத்தவர். ஒமர் பட்ஷா 1980-களில் 'அஃப்ராபிக்ஸ்' கூட்டமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர்; தென்னாப்பிரிக்க வரலாற்றுக்கான இணையக் களஞ்சியத்தையும் நிறுவியவர். இருவரின் படங்களிலும் கடைப் பலகை, சேலைக் கட்டு, கூடைக்காரியின் நிற்கும் விதம் எல்லாம் கிடைக்கும். உருவம் வரைகிறவர்களுக்கு அது பாடநூல்.

இணையத்தில் உள்ளவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆர்ட்ஸ்டோர் படத் தொகுப்பு 2024 ஆகஸ்ட் முதல் ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்த் தளத்துக்குள் போய்விட்டது. பழைய இணைப்புகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதல் காப்புரிமை இல்லாத தன் படங்களை எவரும் எதற்கும் எடுத்துக்கொள்ளும்படி திறந்துவிட்டது. சோழர் வெண்கலத்தைப் பெரிதாக்கி உளித் தடம் வரை பார்க்கலாம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தென்னிந்தியக் கோயில்களின் படங்கள் ஒரு லட்சத்துக்கு மேல் உண்டு. அந்த நிறுவனமும் பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டமும் சேர்ந்து தமிழகத்துப் பழைய ஸ்டூடியோ படங்களைக் காத்து வைத்திருக்கின்றன. டர்பன் ஸ்டூடியோவில் எடுத்த உங்கள் கொள்ளுத்தாத்தா படத்தின் திரைச்சீலையையும் நாற்காலியையும் அவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய அச்சுகளுக்கு.

எழுத்துரு படிப்பவர்களுக்கு ஒரு புதையல்

வரைகலை மாணவர்கள் பார்க்காமல் விடக்கூடாதது 'இண்டியன் ஒப்பீனியன்' என்ற செய்தி இதழ். 1903-இல் டர்பனில் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் தொடங்கியது. அடுத்த ஆண்டே அச்சகம் காந்தியின் ஃபீனிக்ஸ் குடியிருப்புக்குப் போனது. தமிழ், இந்திப் பகுதிகள் 1906-இல் நின்றன. எழுத்துக் கோப்பவர் கிடைப்பதே பெரும்பாடாக இருந்த காலம். 1908-இல் பி. எஸ். ஐயர் தொடங்கிய 'ஆப்பிரிக்கன் கிரானிக்கிள்' ஆங்கிலமும் தமிழுமாக வந்தது. ஒரே இதழில் நான்கு எழுத்துமுறைகளை ஈய அச்சில் எப்படி உட்கார வைத்தார்கள், தமிழ் வரிக்கு எவ்வளவு இடைவெளி விட்டார்கள், விளம்பரத் தலைப்புக்குப் பெரிய தமிழ் எழுத்து இல்லாதபோது என்ன செய்தார்கள் என்பதையெல்லாம் அளவுகோல் வைத்து அளந்து படிக்கலாம். 'இண்டியன் ஒப்பீனியன்' பக்கங்கள் காந்தி ஹெரிடேஜ் போர்ட்டலில் இலவசமாகக் கிடைக்கின்றன.

வாசிக்க மட்டும் அந்தப் பக்கங்கள் போதும். எழுத்தின் வடிவத்தை ஆராய வேண்டுமென்றால் மைக்ரோஃபிலிம் சுருளிலிருந்து நீங்களே படியெடுப்பது நல்லது. அங்கே ஒரு பொறி இருக்கிறது. மைக்ரோஃபிலிம் ஸ்கேனர் பல இடங்களில் கறுப்பு-வெள்ளை என்ற இருநிலையிலேயே வைக்கப்பட்டிருக்கும். அதில் எடுத்தால் 'ண'வின் மெல்லிய சுழி அறுந்துவிடும், புள்ளி காணாமல் போகும், 'ஈ'யின் உள்வெளி மையால் அடைத்தது போல ஆகிவிடும். சாம்பல் நிலை 8 பிட்டுக்கு மாற்றச் சொல்லி, ஒளியை ஒரு படி குறைத்து எடுக்க வேண்டும். எழுத்துணரிக்குக் கொடுத்தாலும் பயன் குறைவு. தமிழக அரசு 1978-இல் ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, னா ஆகிய ஒட்டெழுத்துகளும், துதிக்கை போல வளைந்த ணை, லை, ளை, னை ஆகியவையும் அங்கே வரும். இன்றைய எழுத்துக்குப் பழகிய மென்பொருள் அவற்றை வேறு எழுத்தாக வாசிக்கும். தேடினால் சொல் அகப்படாமல் போவதற்கு அது ஒரு காரணம். கண்ணால் புரட்டுவதே சரி.

வீட்டு அலமாரி

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட், மெர்பேங்க் வீடுகளில் பீரோவின் மேல்தட்டில் இருக்கும் ஆல்பங்கள் எந்த நூலக அட்டவணையிலும் இல்லை. இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த நிலப்பிரிவுச் சட்டத்தால் கேட்டோ மேனரிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்களுக்கு, பழைய வீட்டின் வாசலும் பக்கத்துக் கோயிலும் மிஞ்சியிருப்பது அந்தப் படங்களில்தான். கலை மாணவர் இவற்றைப் படியெடுத்தால், தன் வேலைக்கு மட்டுமின்றி ஊருக்கே பயன்படும்படி எடுக்க வேண்டும். போனில் சட்டென்று ஒரு கிளிக் அடித்தால் ஓரம் சாயும், மேல்பளபளப்பில் ஜன்னல் தெரியும், பெரிதாக்கினால் முகம் குழையும்.

தட்டை ஸ்கேனரில் 10-க்கு 15 செ.மீ. படத்தை 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), 24 பிட் வண்ணத்தில் எடுத்தால் டிஃப் கோப்பு சுமார் 25 எம்பி வரும். கறுப்பு-வெள்ளைப் படத்தையும் வண்ண நிலையிலேயே எடுக்கலாம். பழுப்பேறிய நிறமும் கறையும் ஒரு செய்தி. உள்ளங்கைக்குள் அடங்கும் சிறிய படத்துக்கு 1200. 35 மி.மீ. நெகட்டிவுக்கு 4000 டிபிஐ, ஒரு சட்டத்துக்கு 64 எம்பி அளவில் வரும். ஸ்கேனரின் தூசு நீக்கும் வசதி அகச்சிவப்பு ஒளியால் இயங்குகிறது. கறுப்பு-வெள்ளை நெகட்டிவில் உள்ள வெள்ளித் துகளையும் அது தூசு என்று நினைத்துக் கண்ணையும் மூக்கையும் அழித்துவிடும். அதை அணைத்துவிடுங்கள். படத்தின் பின்புறத்தையும் மறக்காமல் எடுக்க வேண்டும். ஸ்டூடியோ முத்திரை, பென்சிலில் எழுதிய பெயர், தேதி எல்லாம் அங்கேதான் இருக்கும்.

புத்தகத்திலோ காலண்டரிலோ அச்சான படத்தை ஸ்கேன் செய்யும்போது அலை அலையாகக் கோடு விழும். அச்சுப் புள்ளிகளின் வரிசையும் ஸ்கேனரின் வரிசையும் மோதுவதால் வருவது அது. 600 டிபிஐயில் எடுத்து, லேசாக மழுக்கி, பிறகு அளவைப் பாதியாக்கினால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

ஸ்கேனரில் அடங்காத பெரிய படத்துக்குக் கேமரா. இரு பக்கமும் 45 பாகையில் ஒரே வகை விளக்கு, லென்ஸ் துளை எஃப் 8, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 100, பொத்தானை அழுத்தி 2 விநாடி கழித்து எடுக்கும் தாமதம், நிறம் சரிபார்க்கச் சாம்பல் அட்டை ஒன்று ஓரத்தில். ஒளி சமமாக விழுகிறதா என்று பார்க்க, நடுவில் ஒரு பென்சிலைச் செங்குத்தாக நிறுத்துங்கள். இரு பக்க நிழலும் ஒரே கருமையில் இருக்க வேண்டும். கேமரா நேராகப் பார்க்கிறதா என்பதற்கு, படத்தின் இடத்தில் சிறு கண்ணாடியைப் படுக்க வையுங்கள். லென்ஸின் பிம்பம் சட்டத்தின் நடுவில் விழுந்தால் சரி.

சாமியறைப் படங்களில் கூடுதல் கவனம் வேண்டும். கண்ணாடிமேல் குங்குமமும் சந்தனமும் அடுக்கடுக்காக உறைந்திருக்கும், விளக்குப் புகை படிந்திருக்கும். துடைத்துவிட்டு எடுக்கத்தான் கை போகும். துடைக்கும் முன் அப்படியே ஒரு படம் எடுத்துவிடுங்கள்; எந்தத் தெய்வத்தின் நெற்றியில் எத்தனை ஆண்டு பொட்டு வைத்தார்கள் என்பதும் அந்தப் பொருளின் வரலாறு. உள்ளே உள்ள நிழற்படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் பிரிக்கவே கூடாது, மேற்பரப்பு கண்ணாடியோடு உரிந்து வந்துவிடும். கறுப்புத் துணியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, அதைக் கேமராவுக்கு முன்னால் தொங்கவிட்டுக் கண்ணாடி வழியாகவே எடுங்கள். எதிரொளி அடங்கிவிடும்.

பசை தடவிய அட்டையில் பிளாஸ்டிக் தாள் மூடிய 1970-களின் ஆல்பம் இன்னொரு தொல்லை. பசை மஞ்சளாகிப் படத்தை இறுக்கிவிடும். விரலால் நெம்பினால் படம் மடங்கி வெடிக்கும். மெழுகு தடவாத பல் இடுக்கு நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் இடையில் விட்டு, அறுப்பது போல மெதுவாக இழுத்தால் பல சமயம் பிரியும். பிரியாவிட்டால் பக்கத்தோடு ஸ்கேன் செய்துவிட வேண்டியதுதான்.

பழைய வண்ணப் படத்தில் நிறத்தை நம்புவதற்கு முன் இதைப் பாருங்கள். கோயில் சுதைச் சிற்பங்களுக்குக் கும்பாபிஷேகத்தை ஒட்டி, ஏறக்குறைய 12 ஆண்டுக்கு ஒருமுறை, புது வண்ணம் பூசுவது வழக்கம். ஆக மவுண்ட் எஜ்கம் பிள்ளையார் கோயிலோ கேட்டோ மேனர் கோயிலோ, இன்று பார்க்கும் நிறம் 1975-இன் நிறம் அல்ல. பழைய நிறத்தைத் தெரிந்துகொள்ள அக்காலப் பிரிண்டைத் தேடிப் போனால், அந்தப் பிரிண்டும் மாறியிருக்கும். 1970-களின் பல வண்ணத் தாள்களில் இருட்டில் வைத்திருந்தாலும் நீலப்பச்சைச் சாயம்தான் முதலில் வெளுக்கும். அது போனால் படம் முழுக்கச் சிவப்பேறும். மீனாட்சியின் பச்சைக்கிளி பழுப்பாகத் தெரியும். அதைப் பார்த்து "அப்போது கிளிக்குப் பழுப்பு பூசினார்கள்" என்று எழுதிவிடக் கூடாது. படத்திலேயே நடுநிலையான ஒன்றைத் தேட வேண்டும்: பூசாரியின் வெள்ளை வேட்டி, சிற்பத்தின் நெற்றித் திருநீறு. அதை வெள்ளையாகக் கொண்டு மற்றதைத் திருத்தினால் கிளி ஓரளவு திரும்பி வரும். திருத்திய படத்தைத் தனிக் கோப்பாக வைத்து, முதல் ஸ்கேனைத் தொடாமல் விடுங்கள். கோடாக்ரோம் ஸ்லைடு அகப்பட்டால் அதிர்ஷ்டம், இருட்டில் இருந்த கோடாக்ரோம் நிறம் மாறுவது மிகக் குறைவு.

நாடாக்கள்

தென்னாப்பிரிக்கத் தொலைக்காட்சி 1976-இல்தான் தொடங்கியது; ஒளிபரப்பு முறை 'பி-ஏ-எல்' (பால்), 625 கோடு, விநாடிக்கு 25 சட்டம். வீட்டு விஎச்எஸ் நாடாக்களும் அப்படியே. அமெரிக்க முறை இயந்திரத்தில் போட்டால் படம் உருளும். முதலில் நாடாவின் சன்னல் வழியே பாருங்கள். வெள்ளை நூலாம்படை போலப் பூஞ்சை தெரிந்தால் எந்த இயந்திரத்திலும் போடக் கூடாது. தலைப்பகுதி அழுக்காகி அடுத்த நாடாவும் கெடும். சுத்தமாக இருந்தால் கடைசி வரை ஒருமுறை ஓட்டித் திருப்பிச் சுற்றிய பிறகு படியெடுங்கள். 720-க்கு 576 புள்ளி, டிஜிட்டல் வீடியோ (டி-வி) வடிவம் என்றால் மணிக்கு சுமார் 13 ஜிபி. அசைவின்போது சீப்புப் பல் போலத் தெரியும் படிக்கோடுகளை நீக்கும் வேலையை மூலக் கோப்பில் செய்யாமல், காட்சிக்கு எடுக்கும் பிரதியில் மட்டும் செய்யுங்கள். பஜனைப் பாட்டு, தேவாரம் பதிந்த ஒலிநாடாவுக்கு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பு. இரட்டை ஒலிக்கு மணிக்கு 2 ஜிபி. மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துவிட்டு ஆரம்பிப்பது நல்லது. பதிவு நடுவில் அறுந்தால் அந்தக் கோப்பு பல சமயம் திறக்காது.

ஈரமும் வெள்ளமும்

டர்பன் கோடையில் காற்றின் ஈரம் 70, 80 சதவீதம் என்று நிற்கும். 65-க்கு மேல் நீடித்தாலே பூஞ்சை கிளம்பும். வெளிச்சுவரை ஒட்டிய பீரோவில் படம் வைக்காதீர்கள். பிவிசி உறை ஆவி விடும். பாலிப்ரொப்பிலீன் உறை நல்லது. அந்துருண்டை போடும் பழக்கத்தையும் விட வேண்டும், பிளாஸ்டிக் பொருள்களுக்கு அது ஆகாது. நிழற்படத்தைத் தொட நைட்ரைல் கையுறை, வெறும் காகிதத்துக்குக் கழுவி உலர்த்திய கையே போதும்.

உம்பிலோ ஆற்றங்கரையில் 1875-இல் எழுந்த கோயில் 1905 வெள்ளத்தில் போனது. 2022 ஏப்ரல் வெள்ளம் எத்தனையோ வீடுகளின் ஆல்பங்களைக் கொண்டுபோனது. நனைந்த படங்களுக்கு 48 மணி நேரம்தான் அவகாசம். ஒட்டிக்கொண்டவற்றை அப்படியே காயவிட்டால் நிரந்தரமாக ஒட்டிவிடும். குளிர்ந்த சுத்தமான நீரில் போட்டு, தாமாக விலகும்வரை பொறுத்து, முகம் மேலாக அச்சடிக்காத தாளில் பரப்ப வேண்டும். செய்தித்தாளில் போட்டால் மை ஏறும், வெயிலில் போட்டால் சுருளும். அளவு அதிகமாக இருந்து நேரம் போதாவிட்டால், இடையிடையே மெழுகுத் தாள் வைத்துப் பையில் கட்டிக் குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில் வைத்துவிடுங்கள். பிறகு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

யாருடைய படம்

தென்னாப்பிரிக்கக் காப்புரிமைச் சட்டம் 1978-ஆம் ஆண்டின் 98-ஆம் எண். ஆய்வுக்கும் தனிப்பட்ட படிப்புக்கும் நியாயமான அளவில் எடுத்துக்கொள்வதைப் பிரிவு 12 அனுமதிக்கிறது. சுவரில் மாட்டி விற்பனைக்கு வைப்பது அதில் அடங்காது. ஓவியத்துக்குக் காப்பு, ஓவியர் மறைந்தபின் 50 ஆண்டு. நிழற்படத்துக்குக் கணக்கு வேறு: வெளியிட்டதிலிருந்து 50 ஆண்டு, வெளியிடாமலே 50 ஆண்டு கடந்துவிட்டால் எடுத்த ஆண்டின் முடிவிலிருந்து 50. எனவே 1960-இல் எடுத்து எங்கும் வெளிவராத குடும்பப் படத்தின் காப்பு 2010 முடிவோடு தீர்ந்தது. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே என்பது பிரிவு 21; ஸ்டூடியோக்காரருக்கு அல்ல. சட்டம் தீர்ந்தாலும் குடும்பத்தாரைக் கேட்காமல் போடக் கூடாத படங்கள் உண்டு. அலகு குத்திச் சாமியாடும் ஒருவரின் முகம் அதில் முதலாவது.

குறிப்பு எழுதுவது

2021 ஏப்ரல் 18 அன்று கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஜாகர் வாசிப்பு அறை மலைத்தீயில் எரிந்தது. ஆப்பிரிக்கவியல் அச்சு நூல்களும் திரைப்படத் தொகுப்பும் பெருமளவு போயின. தீத்தடுப்புக் கதவுகள் தாமே மூடியதால் மற்ற சில தொகுப்புகள் பிழைத்தன. பெரிய நிறுவனத்துக்கே இந்தக் கதி என்றால் ஒரே மடிக்கணினியில் இருக்கும் ஸ்கேன்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில். ஜொஹன்னஸ்பர்க் சித்தப்பா வீட்டில் ஒரு வன்தட்டு இருந்தால்கூடப் போதும்.

கோப்பின் பெயரில் ஆண்டு, ஊர், வரிசை எண். உள்ளே பதியும் குறிப்பில் படத்தில் இருப்பவர், எடுத்தவர் அல்லது ஸ்டூடியோ, மூலப் படத்தின் அளவு, யாரிடம் இருக்கிறது, ஸ்கேன் செய்த நாள். தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள். ஊகமாக இருந்தால் "சுமார் 1955" என்று எழுதுங்கள். படத்தில் உள்ளவர்களின் பெயரைச் சொல்லக்கூடிய பெரியவரிடம் போய் உட்காரும் வேலையை அடுத்த விடுமுறைக்குத் தள்ளக் கூடாது. பிரதியை ஆவண மையத்துக்குக் கொடுக்கும்போது ஒரு பக்க ஒப்புதல் கடிதமும் வேண்டும். யார் பார்க்கலாம், யார் அச்சிடலாம் என்று குடும்பத்தார் கையெழுத்திட்டுத் தராத தொகுப்பைப் பல காப்பகங்கள் திறந்து வைப்பதில்லை. பொருள் தலைப்பு என்ற கட்டத்தில் "தெருக்கூத்து" என்று தமிழ் எழுத்தில் ஒருமுறை, ஒலிபெயர்ப்பில் ஒருமுறை, "சிக்ஸ் ஃபுட் டான்ஸ்" என்று ஒருமுறை, மூன்றையும் எழுதிக் கொடுங்கள்.